கோடாரிக்காரர் கதை உண்மையா? முதல் அணுஉலைகள் பற்றி ஓர் இழை

கேள்வி (ஒரு வாசகர், 2024 நவம்பர் 28):

1942இல் சிகாகோவில் கட்டிய உலகின் முதல் அணுஉலைக்குப் பக்கத்தில் ஒருவர் கோடாரியோடு நின்றாராம். ஏதாவது விபரீதம் என்றால் கயிற்றை வெட்டுவதுதான் அவர் வேலையாம். இன்றைக்கும் அணுஉலையை அவசரமாக நிறுத்துவதை 'ஸ்க்ராம்' என்கிறார்களே, அது 'பாதுகாப்புத் தண்டுக் கோடாரிக்காரர்' என்பதன் ஆங்கில முதலெழுத்துகள்தான் என்று படித்தேன். நிஜமா, கட்டிவிட்ட கதையா? அப்புறம், அந்த உலை எவ்வளவு மின்சாரம் கொடுத்தது?

நவம்பர் 28, இரவு 10.40

கோடாரி நிஜம். ஆள் நார்மன் ஹில்பெரி, இயற்பியலாளர். மேல்தளத்துக் கம்பியில் கட்டியிருந்த கயிற்றின் மறுமுனையில் ஒரு காட்மியத் தண்டு தொங்கியது. வெட்டினால் தண்டு உலைக்குள் விழும். காட்மியம் நியூட்ரானை விழுங்கும், தொடர்வினை (ஒரு அணு பிளந்து வரும் நியூட்ரான் அடுத்த அணுவைப் பிளப்பது) நின்றுவிடும். உலைக்கு மேலே ஒரு மேடையில் மூன்று பேர் காட்மிய உப்புக் கரைசலோடு தயாராக நின்றார்கள். எதுவும் வேலைக்கு ஆகாவிட்டால் அதை உலைமேல் கொட்ட வேண்டும். மற்றவர்கள் அவர்களுக்கு வைத்த பெயர் 'தற்கொலைப் படை'.

ஸ்க்ராம் வந்ததும் அதிலிருந்துதான்.

மின்சாரம் சைபர். டிசம்பர் 2 அன்று அந்த உலை எட்டிய சக்தி அரை வாட். டார்ச் லைட் பல்புகூட ஒழுங்காக எரியாது. பத்து நாள் கழித்து 200 வாட் வரை ஏற்றிப் பார்த்தார்கள், அதுவும் வெறும் வெப்பம்தான்.

நவம்பர் 29, காலை 6.15

ராத்திரி அவசரத்தில் எழுதியதில் விட்டுப்போனது ஒன்று. 'உலை' என்ற சொல்லே நம்மைக் குழப்புகிறது. உலை என்றதும் அரிசி கொதிக்கும் பானையோ கொல்லன் பட்டறை நெருப்போ மனதில் வந்துவிடுகிறது. சிகாகோவில் கொதித்தது ஒன்றுமில்லை. அதைக் கட்டிய குழுவின் தலைவர், இயற்பியலாளர் என்ரிகோ ஃபெர்மி வைத்த பெயர் 'பைல்', அதாவது அடுக்கு. பார்த்தாலும் அப்படித்தான் இருந்திருக்கும்: நியூட்ரானின் வேகத்தைக் குறைக்கும் கிராஃபைட் கட்டைகளை, நடுநடுவே யுரேனியம் வைத்து, ஒன்றன்மேல் ஒன்றாக 57 வரிசை அடுக்கி, சுற்றிலும் மரச்சட்டம் கொடுத்திருந்தார்கள். குளிரூட்டக் குழாயும் கிடையாது, கதிர்வீச்சுத் தடுப்புச் சுவரும் கிடையாது. ஊருக்கு நடுவில், பல்கலைக்கழக மைதானத்துப் பார்வையாளர் வரிசைக்கு அடியில், ஸ்குவாஷ் ஆடும் அறையில்.

அந்த ஸ்குவாஷை வைத்து ஒரு வேடிக்கை உண்டு. சோவியத் பக்கம் போன தகவலை மொழிபெயர்த்தவர், ஸ்குவாஷ் என்றால் காய் என்று நினைத்து 'பூசணித் தோட்டம்' என்று எழுதிவிட்டாராம்.

நவம்பர் 29, இரவு 9.50

கேட்டவர் இன்னொரு கேள்வி போட்டிருக்கிறார்: "கிராஃபைட் என்றால் பென்சில் கரிதானே, அதை அடுக்குவதில் என்ன பெரிய வேலை?"

தம்பி, இதற்கு நான் கொஞ்சம் நீளமாகத்தான் பதில் சொல்வேன். இருபது வருடமாக நான் சாப்பிடும் சோறு அந்தக் கரியில்தான்.

கோயம்புத்தூரில் உலோக அச்சு (டை) செய்யும் ஒரு கடையில் வேலைக்குச் சேர்ந்தபோது எனக்கு முதலில் கொடுத்தது ஈடிஎம் மிஷினுக்கான (மின்பொறியால் உலோகத்தை அரித்து வடிவம் கொடுப்பது) கிராஃபைட் எலக்ட்ரோடு கடைவதுதான். இரும்பு சுருள் சுருளாக வரும். கிராஃபைட் தூளாகத்தான் வரும், முகப்பவுடர் மாதிரி. மூக்கு, காது, சட்டைக்குள், சாப்பாட்டு டப்பா மூடிக்குள் எல்லாம் போகும். தரை வழுக்கும், எண்ணெய் சிந்திய தரையைவிட மோசம். சோப்புப் போட்டுத் தேய்த்துக் குளித்துவிட்டு வருவேன். அரை மணி கழித்துக் கழுத்தைத் துடைத்தால் துண்டு கறுப்பாகும். தலையணை உறையைப் பார்த்து எங்கம்மா, "நீ கரிமூட்டைக் கடைக்கா போறே?" என்பார்.

அதனால்தான் சிகாகோக்காரர்கள் பின்னாளில் சொன்னதைப் படித்தபோது எனக்குச் சிரிப்பு வந்தது. முதல் குளியலில் மேல்தூள்தான் போகும், அரை மணி நேரத்தில் தோலின் துளைக்குள் இருப்பது வெளியே வர ஆரம்பிக்கும் என்று அவர்களும் சொல்லியிருக்கிறார்கள். அட, அப்படியே!

ஒரு கட்டை நாலேகால் அங்குலச் சதுரம், பதினாறரை அங்குல நீளம், எடை 19 பவுண்டு, நம் கணக்கில் எட்டரை கிலோவுக்கு மேல். மொத்தம் சுமார் 45,000 கட்டை. மரவேலை மிஷின்களில் இழைத்து அறுத்தார்கள். யுரேனியம் வைக்கும் மூன்றேகால் அங்குலத் துளையை லேத்தில் போட்டார்கள். 60 துளைக்கு ஒருமுறை டிரில் பிட்டைச் சாணை பிடிக்க வேண்டியிருந்தது, கிட்டத்தட்ட மணிக்கு ஒருமுறை. படிப்பவர்களுக்கு இது சாதாரண வரி. லேத்தில் நின்றவனுக்குத் தெரியும், எட்டு மணி நேர ஷிப்டில் எட்டுமுறை பிட்டைக் கழற்றி, சாணை பிடித்து, மாட்டி, சென்டர் பார்ப்பது என்றால் என்ன பாடு என்று.

இரண்டு ஷிப்ட் ஓடியது. பகலுக்கு வால்டர் ஜின், இரவுக்கு ஹெர்பர்ட் ஆண்டர்சன். நவம்பர் 16இல் அடுக்க ஆரம்பித்து டிசம்பர் 1 ராத்திரி முடித்துவிட்டார்கள்.

நவம்பர் 30, பகல் 1.05

சாப்பாட்டு நேரம், சுருக்கமாக.

அந்த டிசம்பர் 1 இரவு ஆண்டர்சனின் ஷிப்ட். 57ஆவது வரிசை முடிந்ததும் அளவியைப் பார்த்தால், காட்மியத் தண்டுகளை எடுத்தாலே போதும், உலை தானாக ஓடும். சுற்றி இருப்பவர்கள் அவருடைய ஆட்கள். ஃபெர்மி வீட்டில் தூங்குகிறார். ஆனால் ஆண்டர்சன் அவருக்கு வாக்குக் கொடுத்திருந்தபடி தண்டுகளைப் போட்டுப் பூட்டிவிட்டு வீட்டுக்குப் போனார். நானாக இருந்தால் ஒரு நிமிடமாவது இழுத்துப் பார்த்திருப்பேன்.

டிசம்பர் 1, இரவு 11.20

முதல் குறிப்பில் நான் எழுதியது தப்பு. ஒரு வாசகர் கொஞ்சம் காட்டமாகவே சுட்டிக் காட்டினார். காட்டம் நியாயம்தான்.

கோடாரி நிஜம், கயிறு நிஜம். ஆனால் ஸ்க்ராம் என்பது கோடாரிக்காரரின் முதலெழுத்துகள் என்பது பின்னால் ஒட்டவைத்த விளக்கம். 'ஸ்க்ராம்' என்பது அமெரிக்கப் பேச்சுவழக்கில் 'ஓடிப் போ' என்று சொல்லும் சொல். கருவிகளுக்குப் பொறுப்பாக இருந்த வோல்னி வில்சனின் ஆட்கள் பேனலில் பெரிய சிவப்புப் பொத்தான் ஒன்றை மாட்டிக்கொண்டிருந்தபோது, இதை அழுத்திய பிறகு என்ன செய்வது என்று ஒருவர் கேட்க, இங்கிருந்து ஓட வேண்டியதுதான் என்று பதில் வந்ததாம். அமெரிக்க அணுசக்தி ஒழுங்குமுறை ஆணையத்தின் வரலாற்றாசிரியரே இந்தக் கதையைத்தான் ஏற்கிறார். சொல் முதலில் வந்தது, விரிவாக்கம் பிறகு வந்தது. நம் ஊரில் ஊர்ப்பெயருக்கு ஸ்தல புராணம் எழுதுவது மாதிரி.

டிசம்பர் 2, மாலை 4.00

இன்றைய தேதிக்காக அந்த நாளை ஒருமுறை ஓட்டிப் பார்க்கலாம்.

புதன்கிழமை, நல்ல குளிர். பார்வையாளர் வரிசைக்குக் கீழே கணப்பு கிடையாது. ஏற்கெனவே பீப்பாயில் கரி எரித்துப் பார்த்திருந்தார்கள், புகை தாங்கவில்லை. கடைசியில் பல்கலைக்கழகக் கால்பந்து அணி கலைக்கப்பட்டபோது விட்டுப்போன ரக்கூன் ரோமக் கோட்டுகளைக் காவலாளிகளுக்குப் போட்டுவிட்டார்கள். உலகின் முதல் அணுஉலைக்குக் காவல் நின்றவர்கள் ரோமக் கோட்டுக்காரர்கள்.

ஜார்ஜ் வெயில் கடைசித் தண்டைக் கையால் கொஞ்சம் கொஞ்சமாக இழுக்கிறார். ஒவ்வொரு இழுப்புக்கும் ஃபெர்மி ஸ்லைடு ரூலில் கணக்குப் போட்டு, நியூட்ரான் எண்ணிக்கையைக் காட்டும் கோடு எந்த இடத்தில் தட்டையாகும் என்று முன்கூட்டியே சொல்கிறார். சொன்ன இடத்தில் தட்டையாகிறது. பதினொன்றரை மணி வாக்கில் 'டமார்' என்று சத்தம். எல்லோரும் பதறிவிட்டார்கள். நடந்தது இவ்வளவுதான்: தானாக விழும் பாதுகாப்புத் தண்டின் டிரிப் அளவை மிகவும் குறைவாக வைத்திருந்தார்கள், அது விழுந்துவிட்டது. ஃபெர்மி, பசிக்கிறது, சாப்பிடப் போகலாம் என்றார்.

இந்த இடத்தில் எனக்கு அந்த மனிதரைப் பிடித்துப்போனது. எங்கள் கடையில் ஒருமுறை கிராஃபைட் தூள் கண்ட்ரோல் பேனலுக்குள் போய் ஷார்ட் ஆகிவிட்டது (கிராஃபைட் மின்சாரத்தைக் கடத்தும், பல பேருக்கு அடிபட்டுத்தான் தெரியும்). மிஷின் இரண்டு நாள் நின்றது. அதற்கு அப்புறம் பயத்தில் டிரிப் ரிலேவை அடிமட்டத்தில் வைத்தேன். பத்து நிமிடத்துக்கு ஒருமுறை மிஷின் நிற்கும். முதலாளி கத்துவார், நான் வியர்ப்பேன். சாப்பிடப் போகலாம் என்று சொல்லத் தோன்றியதே இல்லை.

சாப்பிட்டுவிட்டு வந்து, பிற்பகல் 3.25க்குத் தொடர்வினை தன்னைத்தானே தாங்கிக்கொள்ள ஆரம்பித்தது. கொஞ்ச நேரம் ஓடவிட்டு, தண்டைப் போடச் சொன்னார் ஃபெர்மி. இயற்பியலாளர் யூஜின் விக்னர் இத்தாலிய கியாந்தி ஒயின் புட்டி ஒன்றை நீட்டினார். போர்க்காலத்தில் இத்தாலிய ஒயின் கிடைக்காமல் போகும் என்று முன்பே வாங்கிப் பத்திரப்படுத்தியிருந்தார். காகிதக் கோப்பையில் ஆளுக்குக் கொஞ்சம். புட்டியைச் சுற்றியிருந்த வைக்கோல் உறையில் கையெழுத்துப் போட்டார்கள். அங்கிருந்த ஒரே பெண் லியோனா வுட்ஸ், வயது 23. நியூட்ரானை எண்ணும் போரான் டிரைஃபுளோரைடு கருவிகள் அவர் கைவேலை.

டிசம்பர் 3, இரவு 10.10

"கையால் இழுக்கிற வேகத்துக்கு அணுப்பிளவு காத்திருக்குமா? ஒரு நொடியில் வெடித்திருக்க வேண்டாமா?"

நல்ல கேள்வி. எனக்கே பல வருடம் புரியாத இடம். பிளவில் வெளிவரும் நியூட்ரான்களில் ஆயிரத்துக்கு ஆறேழு மட்டும் உடனே வராது. சில நொடி, சில சமயம் ஒரு நிமிடம்வரை தாமதித்து வரும். கல்யாணப் பந்தி மாதிரி நினைத்துக்கொள்ளுங்கள். ஆயிரம் பேர் உட்கார்ந்தாயிற்று, இன்னும் ஆறு பேர் வரவில்லை. அவர்கள் வந்து உட்காராமல் அடுத்த பந்தி கிடையாது என்றால், மொத்தக் கல்யாணமும் அந்த ஆறு பேர் நடக்கும் வேகத்தில்தான் நகரும். உலையையும் அந்த ஆறு பேர் இல்லாமல் ஓடாத அளவில் வைத்திருந்தால் கையால் கட்டுப்படுத்தலாம். அன்று பெருக்கக் காரணி (ஒரு தலைமுறை நியூட்ரானுக்கு அடுத்த தலைமுறை எத்தனை மடங்கு என்ற கணக்கு) 1.0006தான். சக்தி இரட்டிப்பாக ஏறக்குறைய இரண்டு நிமிடம் ஆனது. வெயில் கையால் இழுக்க அது தாராளமான நேரம்.

டிசம்பர் 5, இரவு 9.30

அணுஉலைப் போட்டியில் ஜெர்மானியர் ஏன் தோற்றார்கள் என்று யாரோ கேட்டதற்கு நாலு பேர் நாலு அரசியல் காரணம் எழுதியிருக்கிறார்கள். பட்டறைக்காரன் பார்வையில் ஒரு காரணம் சொல்கிறேன்: சரக்குச் சுத்தம்.

1941இல் ஜெர்மன் இயற்பியலாளர் வால்தர் போத்தே கிராஃபைட்டைச் சோதித்துவிட்டு, இது நியூட்ரானை அதிகம் விழுங்குகிறது, ஆகாது என்று முடிவு சொன்னார். விழுங்கியது கிராஃபைட் அல்ல, அதிலிருந்த அழுக்கு. அமெரிக்காவில் இயற்பியலாளர் லியோ சிலார்ட் அந்த இடத்தில்தான் விடாமல் நச்சரித்தார். கிராஃபைட்டில் போரான் இருக்கிறதா, எவ்வளவு என்று கம்பெனிக்காரர்களைத் துளைத்தெடுத்து, சுத்தமான சரக்குச் செய்ய வைத்தார். போரான் லட்சத்தில் ஒரு பங்கு இருந்தாலே கதை கந்தல்.

ஜெர்மானியர் கிராஃபைட்டுக்குப் பதில் கனநீர் (கன ஹைட்ரஜன் உள்ள தண்ணீர், அதே வேலையைச் செய்யும்) பக்கம் போனார்கள். நார்வேயிலிருந்து வர வேண்டிய சரக்கு, வழியெல்லாம் குண்டு. 1945இல் ஹைகர்லோக் என்ற சிற்றூரில், தேவாலயத்துக்குக் கீழே இருந்த பீர் நிலவறையில் 664 யுரேனியக் கனசதுரங்களைச் சங்கிலியில் கட்டி, மாலை மாலையாகக் கனநீரில் தொங்கவிட்டார்கள். தொடர்வினை தொடங்கவே இல்லை.

டிசம்பர் 6

மேலே சிலார்ட் பற்றி எழுதியதைப் படித்து என் பையன், "உங்க கடை சப்ளையருக்கு இவர் வாடிக்கையா வந்திருக்கணும்ப்பா" என்றான்.

டிசம்பர் 8, காலை 7.00

அடுத்த சண்டை: அணுவிலிருந்து முதல் மின்சாரம் யார் எடுத்தது. நான் நேற்று ஒரு பதிலில், அமெரிக்காவின் ஐடகோ பாலைவனத்து ஈபிஆர்-1 உலை, 1951 டிசம்பர் 20, நான்கு 200 வாட் பல்புகள் என்று அடித்துச் சொன்னேன். ஒருவர் வந்து, அதற்கு மூன்று வருடம் முன்பே, 1948 செப்டம்பரில் ஓக் ரிட்ஜ் எக்ஸ்-10 உலையில் பொம்மை நீராவி எந்திரம் வைத்து ஒரு பல்பு எரித்தார்களே என்றார். சரிதான், எரித்தார்கள். இன்னொருவர் 1954 ஜூனில் சோவியத் நாட்டு ஆப்னின்ஸ்க் உலைதான் முதலில் ஊர்க் கம்பிக்கு மின்சாரம் அனுப்பியது என்கிறார். அதுவும் சரி. மூன்றாமவர் ஐடகோவின் ஆர்கோதான் அணுமின்சாரத்திலேயே ஒளிர்ந்த முதல் ஊர் என்கிறார். 1955 ஜூலை 17 அன்று ஒரு மணி நேரத்துக்குச் சற்றுக் கூடுதலாக அதுவும் நடந்தது. ஒரே தெருவில் நாலு அல்வாக் கடை, நாலிலும் 'ஒரிஜினல்' போர்டு. எல்லாமே ஏதோ ஒரு கணக்கில் ஒரிஜினல்தான்.

ஈபிஆர்-1ஐக் கட்டியவர் நம் பகல் ஷிப்ட் ஜின்தான். மின்சாரம் காட்டுவது அதன் உண்மையான வேலையும் அல்ல. எரிக்கும் எரிபொருளைவிட அதிகமாகப் புது எரிபொருள் உண்டாக்க முடியுமா என்று பார்க்கக் கட்டியது. 1953இல் முடியும் என்று காட்டினார்கள். தண்ணீருக்குப் பதில் உருகிய சோடியம்-பொட்டாசியக் கலவை ஓடும் உலை அது.

நம்மூர்த் தொடர்பு இங்கேதான் வருகிறது. கல்பாக்கத்தில் 1985 அக்டோபர் 18 அன்று ஓடத் தொடங்கிய எஃப்பிடிஆர் அதே வேக ஈனுலை வகை, பிரெஞ்சு ராப்சோதி வடிவமைப்பை வைத்துச் செய்தது. இங்கே ஓடுவது சுத்த சோடியம். ஐடிஐ படிக்கும்போது எங்களை அந்தப் பக்கம் கூட்டிப் போனார்கள். பார்த்தது பல்பு எரியும் மாதிரி ஒன்று, கடல் ஒன்று, புளிசாதப் பொட்டலம் ஒன்று. உலையைப் பார்க்கவில்லை. உருகிய சோடியத்தைக் குழாயில் ஓடவிடுவார்கள், அது தண்ணீர் பட்டால் தீப்பிடிக்கும் என்று எங்கள் வாத்தியார் சொன்னது மட்டும் நினைவிருக்கிறது. அந்தக் குழாய்க்கு வெல்டு வைத்தவர்களை நினைத்து அன்றைக்கே கும்பிட்டேன்.

டிசம்பர் 8, இரவு

ஈபிஆர்-1இன் மறுபக்கத்தையும் சொல்லிவிட வேண்டும். 1955 நவம்பர் 29 அன்று, குளிரூட்டியை நிறுத்திவைத்துச் செய்த ஒரு சோதனையில் அதன் எரிபொருளில் ஒரு பகுதி உருகிவிட்டது. வேகமாக நிறுத்தும் பொத்தானுக்குப் பதில் மெதுவாக இறங்கும் தண்டுகளின் பொத்தானை இயக்குபவர் அழுத்தியிருந்தார். இரண்டு நொடி வித்தியாசம். சூடாகும்போது எரிபொருள் தண்டுகள் உள்பக்கம் வளைந்து சக்தியை ஏற்றியதுதான் மூல காரணம் என்று பிறகு கண்டுபிடித்தார்கள்.

அதற்கு முந்தைய வருடம் ஜின் வேண்டுமென்றே ஒரு உலையையே அழித்தார், போராக்ஸ்-1. 1954 ஜூலையில் தண்டை ஒரேயடியாக எகிறவிட்டார்கள். எதிர்பார்த்ததைவிடப் பல மடங்கு பலமாகப் போய்விட்டது. தண்டை உள்ளே போடு என்று ஜின் கத்த, பிரயோஜனமில்லை, ஒன்று வானத்தில் பறக்கிறது என்றார் கூட இருந்த லிச்டன்பெர்கர்.

டிசம்பர் 11, இரவு 10.45

இழை எங்கேயோ போகிறது, போகட்டும். ஒருவர் ஃபெர்மிக்கும் சந்திரசேகருக்கும் பழக்கம் உண்டா என்கிறார். உண்டு. வானியற்பியலாளர் சுப்பிரமணியன் சந்திரசேகர் 1937லிருந்து சிகாகோ பல்கலைக்கழகத்தில்தான். போருக்குப் பிறகு இருவரும் சேர்ந்தே கட்டுரை எழுதியிருக்கிறார்கள். 1954இல் ஃபெர்மி புற்றுநோயில் ஆஸ்பத்திரியில் கிடந்தபோது சந்திரா பார்க்கப் போனார். என்ன பேசுவது என்று தெரியாமல் நிற்க, ஃபெர்மியே ஆரம்பித்தாராம்: அடுத்த பிறவியில் நான் யானையாகப் பிறப்பேனா, சொல்லுங்கள். ஃபெர்மிக்கு அப்போது வயது 53.

அன்று சந்திராவுடன் கூடப் போனவர் ஹெர்பர்ட் ஆண்டர்சன். டிசம்பர் 1 ராத்திரி பூட்டிவிட்டுப் போன அதே ஆள்.

டிசம்பர் 12

இந்தியாவின் முதல் உலை எது என்றவருக்கு: அப்சரா, டிராம்பே, 1956 ஆகஸ்ட் 4. நீச்சல்குள வகை, பெயர் வைத்தவர் நேரு. கூடவே ஒரு தேதி: பிரிட்டனின் முதல் உலையான கிளீப் ஓட ஆரம்பித்தது 1947 ஆகஸ்ட் 15. அன்றைக்கு அவர்களுக்கும் ஒரு வேலை இருந்திருக்கிறது.

டிசம்பர் 15, இரவு 9.15

கடைசியாக என் பழைய குறிப்பையே நான் நோண்டுகிறேன். ஒரு கட்டை 19 பவுண்டு, 45,000 கட்டை என்றேன். பெருக்கினால் 387 டன் வருகிறது. ஆனால் அடுக்கின் மொத்தக் கிராஃபைட் எடை 360 அமெரிக்க டன், அதாவது நம் கணக்கில் சுமார் 327 டன். 60 டன் எங்கே?

கடையில் கிடந்த ஒரு துண்டை அதே அளவுக்கு அறுத்துத் தராசில் போட்டேன். எட்டேமுக்கால் கிலோ காட்டியது, ஆக 19 பவுண்டு சரிதான். அப்புறம்தான் உறைத்தது: ஒரு வரிசை விட்டு ஒரு வரிசை யுரேனிய வரிசை, அந்தக் கட்டைகளில் துளை உண்டு. மூன்றேகால் அங்குலத் துளை இரண்டு போட்டால் ஒரு கட்டையில் ஒன்றரைக் கிலோவாவது தூளாகப் போகும். பாதிக் கட்டைக்கு அப்படிப் போட்டால் முப்பது டன்னுக்கு மேல் கணக்கு வந்துவிடுகிறது. ஓரங்களில் வடிவத்துக்காகக் குட்டையாக அறுத்தவை கொஞ்சம் சேரும். மீதி இன்னும் இடிக்கிறது.

அப்படிப் போன தூள் எல்லாம் மூடிய அறையில் பறந்திருக்கிறது. பையனிடம் கட்டையைக் கொடுத்துத் தூக்கச் சொன்னேன். தூக்கினான், வைத்தான், கையைப் பார்த்தான், பேண்டில் துடைத்தான். வீட்டில் இப்போது அதற்குத்தான் பஞ்சாயத்து நடந்துகொண்டிருக்கிறது.